தூண்டில்காரருக்கு ஏற்ற கேமரா



கென்யிர் ஏரிக்குத் தோமான் மீன் பிடிக்கப் போகிறவர்கள் கேமரா வாங்கும்போது, "எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2023இல் வெளிவந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 கேமரா 15 மீட்டர் தாங்கும். படகில் இருப்பவருக்கு அது தாராளம்.

கவனிக்க வேண்டியது பேட்டரி மூடியை. அதன் ரப்பரில் ஒரு தலைமுடியோ மணலோ சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். எனவே, இரட்டைப் பூட்டுள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள். படகில் அதைத் திறக்காதீர்கள். கடலுக்குப் போய்வந்தால் மூடியைத் திறக்குமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

இத்தகைய கேமராக்கள் பெரும்பாலும் மிதப்பதில்லை. மிதவைப் பட்டையும் சேர்த்தே வாங்குங்கள். கென்யிரின் ஆழமோ 15 மீட்டரைவிடப் பல மடங்கு. அங்கே மூழ்கினால் கேமராவும் போகும், அன்று எடுத்த படங்களும் போகும்.