பால் எடுக்காத ஆறு ஆண்டுகள்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பை நான் அறிவேன். என் தாயும் தந்தையும் பால்வெட்டுத் தொழிலாளர்களாக இருந்தவர்களே. ஆகவே நெடுநேரம் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். இன்னும் பள்ளிக்கு வராத, மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையைப் பற்றி மட்டுமே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

ரப்பர் மரத்தைப் பற்றி உங்களுக்கு எடுத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. எனினும் நீங்கள் அறிந்த ஒன்றையே நினைவூட்டித் தொடங்குகிறேன். கன்று நட்ட நாளிலிருந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை அம்மரத்திலிருந்து ஒரு சொட்டுப் பாலும் எடுப்பதில்லை. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 45 முதல் 50 செண்டிமீட்டர் ஆகும்வரை அதன்மீது கத்தி படுவதில்லை. அதுவரை களை எடுக்கிறோம், உரமிடுகிறோம், வேண்டாத பக்கக் கிளைகளை நறுக்குகிறோம், மண் காயாமலிருக்க இடையே கொடிகளைப் படரவிடுகிறோம். வருமானம் தராத மரத்திற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஆண்டுகளில் பேணப்படாத மரம் பின்னால் எத்தனை ஆண்டுகள் நின்றாலும் நிறைய பால் தராது என்பதை அனைவரும் அறிவர்.

நம் குழந்தைக்கும் அத்தகைய ஆறு ஆண்டுகள் உண்டு. ஆனால் மரத்திற்குக் காட்டும் கருத்தைக் குழந்தையிடம் நாம் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி. "பள்ளிக்கூடம் போனால் ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார், அதுவரை வயிறு நிறைந்து, உடம்பு சுகமாக இருந்தால் போதும்" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறானது. ஆறு வயதிற்குள் குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதரின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அவ்வாண்டுகளில் குழந்தையிடம் பேசப்பட்ட சொற்களும், அதன் கேள்விகளுக்குக் கிடைத்த மறுமொழிகளுமே முதலாம் வகுப்பில் அது ஊன்றி நிற்கும் நிலம் ஆகும்.

இதனை நான் ஒரு சிறுவனிடம் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் அவன் என் முதலாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். புதிய சீருடை, புதிய காலணி, புதிய பை. பெற்றோர் எக்குறையும் வைக்கவில்லை. ஆனால் பையன் வாய் திறக்கவில்லை. பெயரைக் கேட்டால் தலை குனிவான். பாட்டுப் பாடும் நேரத்திலும் உதடு அசையாது. ஆறு வாரங்கள் இவ்வாறே கழிந்தன. "பேச்சு வளர்ச்சி குறைவு" என்று அவனைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதினேன். அவ்வாறு எழுதியது என் பிழை.

அது ரப்பர்க் காய்கள் வெடித்துக் கொட்டைகள் சிதறும் காலம். ஒரு நாள் இடைவேளையின்போது அச்சிறுவன் திடலோரத்தில் தனியே குந்தியிருந்தான். அருகில் சென்று பார்த்தேன். சட்டைப்பை நிறையக் கொட்டைகளைக் கொண்டுவந்து, அவற்றை நான்கு வரிசையாகப் பிரித்து வைத்திருந்தான். "இது என்ன?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "இது கோயில் மரத்துக் கொட்டை, டீச்சர். இது ஆத்தோரத்து மரத்துக் கொட்டை. கோடு வேற மாதிரி இருக்கும்" என்றான்.

நான் வியந்து நின்றேன். ஒரே மரத்துக் கொட்டைகளின் மீதுள்ள புள்ளிகளும் கோடுகளும் ஒத்திருக்கும். வேறு மரத்துக் கொட்டை வேறு விதமாக இருக்கும். கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் பகுதியாக உருவாவதே இதற்குக் காரணம். அக்கோலத்தைப் பார்த்தே மரத்தின் இனத்தை அறிந்து கூறும் வல்லுநர்கள் உண்டு. அதே வேலையை ஏழு வயதுகூட நிறையாத ஒரு பிள்ளை எவரும் சொல்லித் தராமலே செய்திருக்கிறான்! அறிவு குறைந்தவனா அவன்? சொல்லுவதற்கு அவனிடம் எவ்வளவோ இருந்தது; கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அவன் பெற்றோரை அழைத்துப் பேசினேன். தந்தை மறைக்காமல் சொன்னார்: "களைச்சுப் போய் வர்றோம், டீச்சர். அவன் எதையாவது தொணதொணன்னு கேட்பான். சும்மா இருடான்னு சொல்லிடுவோம். அப்புறம் அவன் கேட்கிறதையே விட்டுட்டான்." அருகிலிருந்த தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் அன்பில்லாத பெற்றோர் அல்லர். பிள்ளையின் வாயை அடைத்தால் அவன் மனமும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்று அவர்களுக்கு எவரும் எடுத்துரைத்ததில்லை, அவ்வளவே.

அன்று முதல் அத்தந்தை ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். மாலையில் வாளியையும் கத்தியையும் கழுவும்போது மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். மகன் சொல்லும் வரை காத்திருப்பார். முதல் நாட்களில் மறுமொழி வரவில்லை. பிறகு ஒரு சொல் வந்தது. அதன் பின் ஒரு கதையே வந்தது. ஆண்டு முடிவில் அப்பையன் வகுப்பில் முதலாவதாக வந்துவிடவில்லை. ஆனால் கையுயர்த்திக் கேள்வி கேட்கும் பிள்ளைகளில் ஒருவனாக விளங்கினான். குறிப்பேட்டில் நான் எழுதியதை அடித்துத் திருத்தினேன்.

"எங்களுக்கு நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நான் வேண்டுவது நாளொன்றுக்கு அரை மணி நேரமே. அதற்கெனத் தனியே அமர வேண்டியதுமில்லை. சோறு பொங்கும்போது அரிசியை அளந்து போடக் குழந்தையிடம் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது எண்ணட்டும். வெங்காயத்தைப் பெரியது, சிறியது என்று பிரிக்கட்டும். துவைத்த துணியில் அப்பாவின் சட்டை எது, அக்காவின் பாவாடை எது என்று எடுத்துத் தரட்டும். மரத்தில் கூவும் பறவையின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் விடுகதையும் கதையும் சொல்லச் செய்யுங்கள். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. பேசுவது தாய்மொழியிலேயே இருக்கட்டும். அம்மொழியில் சொல்வளம் பெற்ற குழந்தை மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் பின்னர் எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டால் குழந்தை தொல்லை தராது என்று இக்காலத்தில் பலர் எண்ணுகின்றனர். கைப்பேசி பேசும், ஆனால் குழந்தை பேசுவதைக் கேட்காது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்தல் கூடாது, அதனினும் குறைந்தால் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது.

அதே அறிவுரையில் இன்னொன்றும் உண்டு. அவ்வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போகும் தாய், அதனை இரவு பத்து மணிக்குத் தூங்க வைத்தால் ஏழு மணி நேர உறக்கமே ஆயிற்று. எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் உறங்கினால் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துங்கள்.

விடியற்காலையில் பிரியும்போது குழந்தை அழும். அது தூங்கும் வேளையில் சொல்லாமல் விட்டு வருவது எளிதாகத் தோன்றும். ஆனால் விழித்தவுடன் தாயைக் காணாத குழந்தை மறுநாள் தூங்கவே அஞ்சும். "அம்மா மரம் வெட்டப் போகிறேன், பால் நிறுத்தவுடன் வந்து உன்னைத் தூக்கிக்கொள்வேன்" என்று நாள்தோறும் ஒரே சொற்களால் சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். குழந்தை முதலில் கற்கும் நம்பிக்கை அதுவே. திரும்ப வரும்போது, குழந்தை அன்று என்ன உண்டது, யாரோடு விளையாடியது என்று ஆயாவிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள். குழந்தைக் காப்பகம், வீட்டு வசதி, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கான குறைந்த அளவுகள் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. கொட்டகையில் குறையிருப்பின் நிர்வாகத்திடம் எடுத்துரைக்கத் தயங்க வேண்டாம். ஆனால் அண்ணனையோ அக்காளையோ பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க நிறுத்தாதீர்கள். தொடக்கக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனிப்பு டின் பாலில் கலந்த தேநீர் குழந்தைக்குப் பசியாறும் உணவாகாது. அதில் சர்க்கரையே மிகுதி. தேநீரோ உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு முட்டை, ஒரு பிடி நெத்திலி, வீட்டோரத்து முருங்கைக் கீரை ஆகியவை அதனினும் பன்மடங்கு மேலானவை.

அடுத்து, உயிரைக் காக்கும் செய்தி. பாலை உறைய வைக்கும் அமிலமும் களைக்கொல்லியும் எக்காரணத்தாலும் வீட்டிற்குள் வரலாகாது. அமிலம் தண்ணீர் போலவே தோன்றும். குடிபானப் போத்தலில் ஊற்றி வைத்ததை மூன்று வயதுக் குழந்தை எவ்வாறு வேறுபடுத்தி அறியும்? பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் அருந்தினாலும் உயிர் போகலாம். வீட்டின் பின்புறத்தில் பழைய போத்தல் கிடந்தால் நாளையே அப்புறப்படுத்த நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். குழந்தை எதையேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; குடித்த போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இறுதியாக ஒன்று. சென்ற நூற்றாண்டு தொடங்குமுன், 1890-களில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொத்திச் சிதைக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆய்ந்து நிலைநாட்டினார். கத்தி உள்மரத்தைத் தொடாத வரையில் பட்டை மீண்டும் வளரும். ஆழ வெட்டினால் அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு எத்துணைத் திறமையாளரும் அங்கே சீராக வெட்ட இயலாது. இதை உங்களைவிட நன்கறிந்தவர் யார்? மரத்தில் காயம் படாமல் கத்தி பிடிக்கும் அதே கை, வீட்டில் பிரம்பைப் பிடிக்கலாமா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று பிரம்புக்குச் சான்று காட்டுவோர் உண்டு. வளைப்பதற்குக் கை போதும்; அடித்தால் கன்று வளையாது, ஒடியும். பெற்றோர் குடித்துச் சண்டையிடும் இரவுகளும் குழந்தைக்கு அத்தகைய காயங்களே.

பெருமக்களே, பள்ளிகளையும் சுகாதார நிலையங்களையும் அரசாங்கம் அமைத்துத் தரலாம். பாடத்தை ஆசிரியர்கள் நடத்தலாம். ஆனால் மாலையில் வாளி கழுவும் இடத்தில் "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேட்க உங்களையன்றி வேறு எவராலும் இயலாது. நாளை வேலை முடிந்து வீடு திரும்பியதும் இக்கேள்வியை ஒரு முறை கேளுங்கள்; மறுமொழி வரும்வரை காத்திருங்கள். அப்பிள்ளை ஒருநாள் என் வகுப்புக்கு வரும்போது, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதை அதன் வாயிலிருந்தே நான் தெரிந்துகொள்வேன்.