இடர் வந்தபோது வீட்டில் எதைக் குறைப்பது?



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நமக்கு முன் பேசியோர் அதனைச் செவ்வனே பேசிவிட்டனர். ஆதலால் நாம் அதனினும் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் பணமுடை வந்துற்றபோது எந்தச் செலவைக் குறைப்பது, எவரிடம் சென்று உதவி கேட்பது என்பதே அப்பொருள். பள்ளித் தலைமையாசிரியர் பேச வேண்டிய பொருளா இது என்று சிலர் எண்ணலாம். ஒரு குடும்பத்தில் இடர் புகுந்தது என்பதை ஊரார் அறிவதற்கு முன்பே அறிவிப்பது எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேடு. தந்தை நோயில் விழுந்தால் ஒன்பதாம் வகுப்பு மகளின் பெயருக்கு நேரே வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு விழும். வட்டி கட்டத் தவறினால் அது நான்கு நாளாகும். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிய வீடுகளின் பிள்ளைகள் மொத்தமாக வராமற்போவர். முழு ஆண்டுத் தேர்வுக்கு அவர்களைத் தேடிச் சென்று அழைத்து வருவதே எங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு தனி வேலை.

ஆகவே, இடர்க்காலத்தில் நம் வீடுகளில் முதலில் வெட்டப்படும் செலவு பிள்ளையின் படிப்பு. அதனால் வீட்டுக்கு மிச்சமாவது எவ்வளவு என்று பொறுமையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் பாடநூலும் சீருடையும் விலையில்லாமல் கிடைக்கின்றன. பேருந்துப் பயணத்துக்கு அட்டை உண்டு. பத்தாம் வகுப்பு வரை நண்பகல் உணவு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் முதற்கொண்டு காலை உணவும் வந்தது. பிள்ளையை நிறுத்தினால் வீட்டுக்கு மிச்சம் ஒரு காசும் இல்லை. நண்பகல் சோறு ஒன்று வீட்டில் கூடுகிறது. பிள்ளை கூலிக்குப் போய்க் கொண்டுவரும் பணம் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் வட்டிக்குப் போகிறது.

சிக்கனம் என்னும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் மக்களைப் பார்த்துப் பிறர் அச்சொல்லைச் சொல்லும்போது நமக்குச் சினம் வருவதுண்டு, அச்சினம் நியாயமானதே. பல தலைமுறையாக நெல்லைக் கூலியாகப் பெற்று அரை வயிறு உண்டவர்களுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க எவருக்கும் உரிமை இல்லை. அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் அன்னை ரமாபாய் மும்பையில் மிகக் குறைந்த பணத்தில் குடும்பத்தை நடத்தியதை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அவர் பெற்ற பிள்ளைகள் ஐவரில் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்ணும் உணவிலும் மருந்திலும் குறைப்பதை நாம் சிக்கனம் என்று கொள்வதில்லை. பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்ல நாம் இங்கு வரவில்லை.

அப்படியானால் குறைக்க வேண்டியது யாது? முதலாவது வட்டி. இதனைச் சற்று விரித்தே சொல்வோம். ஏனெனில் வட்டி நம் மக்களுக்கு வெறும் செலவன்று, அது நம் வரலாறு. திருமணத்துக்கென்று வாங்கிய சிறு கடனுக்காகத் தந்தையும் மகனும் பண்ணையாளாக உழைத்தொழிந்த குடும்பங்கள் எத்தனை! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும் சூளை முன்பணம் என்ற பெயரில் அதே கயிறு இன்றும் நீள்கிறது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாது தடுத்தால் அது அச்சட்டப்படி குற்றம். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிட்டால் அக்கடனே செல்லாது என்று விடுவிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நம் தெருவுக்கு நாள்தோறும் வரும் தண்டல்காரரின் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் கடன் என்பார். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். நாளைக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் ஐம்பதாம் நாளிலேயே பாதிப் பணத்தைத் திருப்பிவிட்டோம் அல்லவா? நூறு நாளும் நம் கையில் முழுத்தொகையும் இருக்கவில்லை. சராசரியாக நாலாயிரத்துச் சொச்சமே இருந்தது. அதற்கு 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அது நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்து வட்டி என்பதோ வெளிப்படையாகவே ஆண்டுக்கு 120 விழுக்காடு. எட்டாம் வகுப்பில் தனிவட்டிக் கணக்கை நடத்தும்போது இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது நமது வழக்கம். பாடநூலில் இல்லாத கணக்குத்தான். ஆனால் மாணவர் மறப்பதில்லை.

குழுக் கடன் என்பதிலும் நம் தாய்மார்கள் கவனம் கொள்ள வேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழு வேறு. தனியார் நிதி நிறுவனம் பத்துப் பெண்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கடன் வேறு. முன்னதில் சேமிப்பு நம்முடையது, வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. பின்னதில் வாரந்தோறும் தவணை, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் சுமை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வந்த கேடு பெரிது. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று சுழலும் வீடுகளை நாம் அறிவோம். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி இத்தகைய கடன் தரலாகாது என்றும், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் பெற்றவரைத் தொல்லை செய்யலாகாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதி செய்தது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலும், கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-இலும் தமிழ்நாட்டில் சட்டங்கள் வந்தன. வாசலில் நின்று இழிசொல் பேசுவோருக்கு அஞ்சி மகளின் கம்மலைக் கழற்றிக் கொடுக்கும் தாய், இச்சட்டங்கள் தன் பக்கம் நிற்பதை அறிய வேண்டும்.

நகையை வைக்க நேர்ந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். அங்கே நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டியே வட்டி இருக்கும். அடகுக் கடையில் அது இரண்டும் மூன்றுமாகும். வங்கியில் அரைநாள் காக்க வேண்டும் என்பது உண்மையே.

இரண்டாவது குடி. இதைப் பற்றி நீட்டிப் பேசினால் உரிய ஆள் எழுந்து வெளியே போய்விடுவார் என்பது நமது அனுபவம். ஆதலால் கணக்கு மட்டும் சொல்கிறோம். நாளைக்கு 150 ரூபாய் என்றால் மாதம் 4,500. மூன்று மாதத்தில் 13,500. தண்டல்காரரிடம் கைநீட்டி வாங்கிய தொகையினும் இது அதிகம்.

மூன்றாவது, விழாச் செலவு. மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல், வாழ்த்துப் பதாகை, வண்டி ஊர்வலம் என்று கடன் வாங்கிச் செய்வதைக் குறைக்கச் சொன்னால், நம் இளைஞர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள்: "மற்றவர்கள் செய்யும்போது நாங்கள் மட்டும் ஏன் செய்யக் கூடாது?" இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது என்றெல்லாம் அவை விரிந்தன. எனவே நல்லுடை உடுத்தி மேளத்தோடு ஊர்வலம் போவது நமக்கு வெறும் ஆடம்பரம் அன்று. அதில் மானம் இருக்கிறது.

ஆனால் அவ்வரலாறு அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாகப் பெருகின. ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பவையும் அவற்றுள் அடங்கும். அக்காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அலுவலர் ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். நகைத் தடையையும் குடைத் தடையையும் மீறுவதற்காகக் கடன்பட்டு, அக்கடனை அடைக்கப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவோமாயின், அந்தப் பட்டியலில் மிகக் கொடிய தடையை நாமே நம் வீட்டில் நிறைவேற்றுகிறோம். விழாவை நடத்துங்கள், கையில் உள்ள பணத்துக்கு நடத்துங்கள். மொய் எழுதும் வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. அது ஏழைகள் தமக்குள் கண்ட கூட்டுறவு வங்கி. ஆனால் மொய் வருமென்று நம்பி முன்கடன் வாங்குவது விளையாத நெல்லை விற்பதாகும்.

இனி உதவி தேடுவதைப் பற்றிச் சொல்வோம். உதவி கேட்பதை நம்மில் பலர் இரத்தலாக எண்ணி நாணுகின்றனர். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்கா சென்றது பரோடா மன்னரின் உதவித்தொகையால். அது மாதம் பதினொன்றரைப் பவுன். உதவிக்காலம் முடிந்ததால் 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினார். பின்பு மும்பையில் பேராசிரியராகப் பணிபுரிந்து சேமித்தார். சேமிப்புப் போதாமையால் நண்பர் நவல் பத்தேனாவிடம் 5,000 ரூபாய் கடன் பெற்று 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். சேமித்தலும் கேட்டலும் கடன்படுதலும் மூன்றுமே அவர் வாழ்வில் உள்ளன. மூன்றும் படிப்பின் பொருட்டே. தவிரவும், ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் நாம் வரி செலுத்துகிறோம். அவ்வரியிலிருந்து வரும் உதவியைக் கேட்பதில் நாணம் எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் நமது பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். காரியம் முடிந்த மறுவாரம் தாய் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். மகளை நூற்பாலைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். "ஐயா, படிக்க வைக்க எனக்கும் ஆசைதான். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது நான் என்ன செய்ய?" என்றார். சான்றிதழ் தர மறுத்து, அவரை அமர வைத்துப் பேசினோம். வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்யும் திட்டம் உண்டு என்பதை அவர் அறியார். கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்று கேட்டோம். பதிந்திருந்தார், அட்டை பெட்டியின் அடியில் கிடந்தது, புதுப்பித்தல் மட்டும் தவறியிருந்தது. அதற்காக நான்கு மாதம் அலைய வேண்டியதாயிற்று. மகளை ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்த்தோம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். கடன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். தாய் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது அந்தப் புதுப்பிக்கப்படாத அட்டை. உதவி என்பது இடர் வந்தபின் தேடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு முந்திய ஆண்டே தேடியிருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் வாங்க ஓடுவதால் எத்தனை பிள்ளைகள் உதவியை இழக்கின்றனர்! மாணவரின் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாமலோ இயங்காமலோ கிடப்பதால் ஒப்புதலான தொகையும் வந்து சேர்வதில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மிகாத நம் குடும்பங்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதி வெல்வோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. திட்டங்களின் பெயரும் தொகையும் காலந்தோறும் மாறக் கூடியவை. ஆதலால் ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளியிலோ ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ நேரில் கேட்டறிவது நலம்.

நோய்க்கு வாங்கும் கடனே நம் வீடுகளை அதிகம் கவிழ்க்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத வீடு நம் குடியிருப்பில் இன்னும் இருக்கிறது என்பது இளைஞர்களாகிய உங்களுக்குத்தான் இழுக்கு. நலமாய் இருக்கும்போதே அந்த அட்டையைப் பெற வேண்டும். மருத்துவமனை வாசலில் நின்று தேடுவது கடினம்.

கழகத்து இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. உங்களில் பட்டதாரிகள் பலர். கைப்பேசியிலேயே விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள். நம் படிப்பகத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு மேசை போடுங்கள். ஒரு தடித்த குறிப்பேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை, எந்த அட்டையை எம்மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதுங்கள். கடன் விவரத்தை எழுத வேண்டா. அது அவரவர் வீட்டோடு இருக்கட்டும். எவரேனும் தாமாகச் சொன்னால் வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். முதல் ஞாயிறு நாமே வந்து அமர்கிறோம். தாய்மார்கள் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளையின் வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பொங்கலுக்குப்பின் சூளைக்குப் போக எண்ணியிருப்போர் முன்பணம் வாங்குமுன் வாருங்கள். விடுதியில் இடம் கேட்க அதற்குள் எழுதிவிடலாம்.