தறிக்காரர் தலையில் விழும் வரி

பெங்களூர் கமர்ஷியல் தெருவிலிருந்தும் சிக்பேட்டையிலிருந்தும் கடையடைத்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே!

உங்கள் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கும் கூறைப்புடவையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் காஞ்சிபுரம் என்பீர்கள். நெய்த கை காஞ்சிபுரத்துக் கைதான். ஆனால் அதில் ஓடும் பட்டு நூல் பெரும்பாலும் இந்தக் கர்நாடகத்து நூல். ராமநகரத்திலோ சிட்லகட்டாவிலோ கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூட்டைப் போட்டு இழை பிரித்து எடுத்த நூல். சரிகை சூரத்திலிருந்து வருகிறது. மூன்று மாநிலம் கைகோத்தால்தான் ஒரு முகூர்த்தப் புடவை. காஞ்சிபுரத்தான் எல்லாவற்றையும் நானே செய்துகொள்கிறேன் என்று தறியை விட்டுவிட்டு மல்பெரி நடப் போயிருந்தால், புடவையும் இல்லை, காஞ்சிபுரத்துக்குப் பெயரும் இல்லை.

இந்த ஏற்பாடு ஒரு சாலையை நம்பி நடக்கிறது. அந்தச் சாலை அடைபட்டால் என்ன நடக்கும் என்பது இந்த அல்சூருக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது தமிழ்நாட்டு வண்டிகள் ஓசூரோடு நின்றுபோயின. இங்கே பேருந்துகள் எரிந்தன. அந்த நாள்களில் கடை வைத்திருந்தவர்கள், சரக்குக்குக் காத்திருந்தவர்கள், சுமை இறக்கிக் கூலி வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். சுவர் எழுந்தால் இரண்டு பக்கத்திலும் அடுப்பு அணையும் என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. பிறகு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, எல்லையிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். அந்த வரியின் மற்ற குறைகளைப் பேச இன்னொரு கூட்டம் வேண்டும். சாவடியை எடுத்தது சரி.

மாநில எல்லையான அத்திப்பள்ளியில் வேண்டாம் என்று நாம் சொல்லும் சுவர், துறைமுகத்தில் மட்டும் எப்படி நல்ல சுவராகிறது? இதுதான் என் கேள்வி.

வெளிநாட்டுக் கச்சாப் பட்டுக்கு எதிரான பாதுகாப்பு வரி இந்த நாட்டில் 1934இலேயே, வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே வந்துவிட்டது. அண்மைக்காலக் கதையைப் பாருங்கள். 2003இல் சீனப் பட்டின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் சுங்கவரியை 30 விழுக்காட்டிலிருந்து ஒரேயடியாக 5க்கு இறக்கினார்கள். 2013இல் 15க்கு ஏற்றினார்கள். பிறகு 10க்கு வந்தது. 2021 பிப்ரவரியில் விவசாயிகளின் நன்மைக்காக என்று சொல்லி மறுபடி 15. பத்தே ஆண்டுக்குள் 30, 5, 15, 10, 15! இதை வைத்துக்கொண்டு எந்த நெசவாளி அடுத்த தீபாவளிக்குக் கணக்குப் போடுவார்? எந்த விவசாயி புதிதாக ஒரு ஏக்கர் மல்பெரி நடுவார்?

இந்த வரியைக் கட்டுவது யார்? சீனாக்காரன் கட்டுகிறான் என்று மேடையில் பேசுகிறார்கள். ஒரு காசுகூட அவன் கட்டுவதில்லை. துறைமுகத்தில் பணம் கட்டுகிறவர் நம் ஊர் இறக்குமதியாளர். அதை அவர் நூல் விலையில் ஏற்றுகிறார். கிலோ 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 600 ரூபாய். ஒரு புடவைக்கு அரைக் கிலோ நூல் என்றால் 300 ரூபாய். அதோடு நிற்கிறதா? வெளியிலிருந்து வரும் நூல் 4,600 ஆனவுடன், சிக்பேட்டையில் உள்ளூர் நூலும் அதன் பின்னாலேயே ஏறுகிறது. வரி போட்டது வந்த நூலுக்கு மட்டும். விலை ஏறியது எல்லா நூலுக்கும். உள்ளூர் நூலில் ஏறிய அந்தக் காசு அரசாங்கக் கஜானாவுக்கும் போகவில்லை. அது யார் கைக்குப் போனது என்பதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

பணக்கார வீட்டுக் கல்யாணத்தில் 300 ரூபாய் பெரிதில்லை என்பீர்கள். ஆனால் புடவை விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியாதபோது, ஏறாத மிச்சம் எங்கே கழிகிறது? நெசவுக் கூலியில் கழிகிறது. முதலாளியால் நூல் வியாபாரியிடம் பேரம் பேச முடியாது, சரிகைக் கடையில் பேரம் பேச முடியாது. தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும்தான் பேச முடியும். தொட்டபள்ளாபுரத்து விசைத்தறிக்காரருக்கும் இதே கதிதான், காஞ்சிபுரத்துக் கைத்தறிக்காரருக்கும் இதே கதிதான்.

வெளியிலிருந்து வாங்கினால் நமக்கு நட்டம்தானே என்று கேட்பீர்கள். 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கணக்கு. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆள் உழைப்பு, போர்த்துகலுக்கு 90. அதற்கு மாற்றாகும் அளவு திராட்சை மது செய்ய இங்கிலாந்துக்கு 120, போர்த்துகலுக்கு 80. இரண்டிலும் போர்த்துகல்தான் கெட்டி. அப்படியானால் அது இங்கிலாந்திடம் எதையுமே வாங்கக் கூடாது என்றுதானே தோன்றும்? ரிக்கார்டோ சொன்னது வேறு. போர்த்துகல் 80 ஆள் மதுவைக் கொடுத்துத் துணியை வாங்கினால், சொந்தமாக நெய்ய வேண்டிய 90 ஆளில் 10 ஆள் மிச்சம். இங்கிலாந்து 100 ஆள் துணியைக் கொடுத்து மதுவை வாங்கினால் 20 ஆள் மிச்சம். அடுத்தவன் இரண்டிலும் வலியவனாக இருந்தாலும், இருப்பதற்குள் எதில் நமக்குக் கை ஓங்குகிறதோ அதில் நின்றால் இருவருக்கும் லாபம். ஒப்பீட்டு அனுகூலம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது இவ்வளவுதான்.

பட்டில் நம் கை ஓங்கியிருப்பது எங்கே? கோர்வைத் தறிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். நடுவில் ஓடும் நாடா வேறு, கரையில் ஓடும் நாடா வேறு. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீச வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ. இரண்டு ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கவ்வ வேண்டும். ஒரு இழை பிசகினால் கரை பிரிந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த இந்தப் பழக்கம் உலகச் சந்தையில் விலைக்குக் கிடைக்காது. நம் செல்வம் அங்கே இருக்கிறது. சுங்கவரி சரியாக அந்த இடத்தில்தான் அடிக்கிறது. நாம் சுமாராகச் செய்யும் வேலையைக் காப்பாற்ற, நாம் உலகத்திலேயே சிறப்பாகச் செய்யும் வேலைக்கு அபராதம் போடுகிறார்கள்.

நெசவாளர்கள் சீன நூலை ஏன் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலைக்காக மட்டும் கேட்பதில்லை. பாவுக்கு ஒரே சீரான, வலுவான நூல் வேண்டும். விசைத்தறியின் வேகத்தில் மேடும் பள்ளமுமான நூல் தாங்காது. பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது.

இப்போது விவசாயிக்கு வருகிறேன். அவரை மறந்துவிட்டு இந்த மேடையில் பேச எனக்கு உரிமை இல்லை. ராமநகரத்துப் பட்டுக்கூட்டு அங்காடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் மூட்டைகள் வந்து இறங்கும். கூடுகளைத் தொட்டியில் கொட்டிப் பரப்பி வைப்பார்கள். நூற்பவர் வந்து ஒரு கைப்பிடி அள்ளி, காதோரம் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே புழு நன்றாக இருக்கிறதா, செத்து ஒட்டிக்கொண்டதா என்று சத்தம் சொல்லிவிடும். விவசாயி பக்கத்தில் நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏறக்குறைய நான்கு வாரம் இரவு பகலாகத் தழை வெட்டிப் போட்டு, ஊசி ஈ வராமல் வலை கட்டி, நோய் வராமல் சுண்ணாம்பு தூவி வளர்த்தது அது. 2011இல் வரியைத் திடீரென்று இறக்கியபோது கூட்டு விலை விழுந்தது. அவர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். அந்தக் கோபம் நியாயமான கோபம். ஒரு நாள் பட்ஜெட் உரையில் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கவிழ்ப்பதற்கு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் அனுமதி கொடுக்கவில்லை. வணிகத்தால் நாட்டுக்கு வரும் லாபம் தானாக எல்லார் மடியிலும் விழாது. நட்டப்பட்டவருக்கு ஈடு கொடுப்பது அரசின் கடமை.

ஆனால் வரி அவரைக் காப்பாற்றியதா? உள்ளூர் நூலில் ஏறிய காசு யாருக்குப் போகிறது என்று கேட்டேனே, அதில் விவசாயிக்கு வந்து சேர்வது மிச்சம்மீதிதான். கூட்டுக்கும் நூலுக்கும் நடுவில் இருப்பு வைத்து விற்கத் தெம்புள்ளவர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். வரி உயரும்போது கடத்தல் நூலுக்கும் மவுசு உயர்கிறது. கொதிநீரில் விரலை விட்டு இழை தேடும் பெண்ணுக்கு, விரல் நுனி வெந்து வெளுத்துப்போனதைத் தவிர, 1934இலிருந்து இந்த வரி என்ன கொடுத்தது?

விவசாயியைத் தூக்கிவிட்டது எது தெரியுமா? பட்டுப்புழு விதை. 1991இலிருந்து ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் நம் மத்தியப் பட்டு வாரியத்தோடு சேர்ந்து மைசூரில் வேலை செய்தது. அந்த ஆராய்ச்சியில் வந்தவைதான் சி.எஸ்.ஆர். வெண்பட்டு இனங்கள். பழைய மஞ்சள் கூட்டில் எட்டுக் கிலோ போட்டால்தான் ஒரு கிலோ நூல் என்றால், நல்ல வெண்பட்டுக் கூட்டில் ஆறு, ஆறரைக் கிலோ போதும். அதோடு தானியங்கி நூற்பு இயந்திரம் வந்தது. அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது? சீனாவிலிருந்து! இயந்திரத்தை உள்ளே விட்டதால் நம் நூல் தரம் ஏறியது. இயந்திரம் வந்த இடங்களில் நம் பெண்களின் விரல் தப்பியது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டன்னாக இருந்த வெண்பட்டு இப்போது எட்டாயிரம் டன்னைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் எட்டாயிரம் டன்னுக்கு மேல் வந்த இறக்குமதி பெருமளவு குறைந்தது. வரி 10 விழுக்காடாக இருந்த ஆண்டுகளிலும் அது குறைந்த மட்டத்தில்தான் இருந்தது. 30 விழுக்காட்டுச் சுவரால் முடியாததை விதையும் இயந்திரமும் செய்துவிட்டன.

சுயசார்பு என்று ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கன்னட மண்ணின் பட்டு எப்படி வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து புழுவை வரவழைத்தார். 1890களின் கடைசியில் ஜாம்செட்ஜி டாட்டா ஜப்பானியரைக் கூட்டிவந்து இந்த ஊரில் பட்டுப் பண்ணை வைத்தார். பசவனகுடிப் பக்கம் டாட்டா சில்க் ஃபார்ம் என்ற பெயரே இன்றும் இருக்கிறது. 1912இல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் நெசவாலை தொடங்கியபோது தறி வந்தது ஸ்விட்சர்லாந்திலிருந்து. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைத்தவர்தான் மைசூர்ப் பட்டை வளர்த்தார்.

இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் சரக்கின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. திருப்பூர் அலறியது. நாம் எல்லாரும் அதைக் கண்டித்தோம், சரியாகவே கண்டித்தோம். அந்த வாரங்களில் டெல்லி என்ன செய்தது? வெளிநாட்டுப் பருத்திக்குப் போட்டிருந்த 11 விழுக்காடு வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்தது. பிறகு ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. ஏன்? பஞ்சு விலை குறைந்தால்தான் பனியன் விற்க முடியும் என்று தெரிந்ததால். கச்சாப் பொருளுக்கு வரி போட்டால் அது நம் தொழிலாளி தலையில் விழுகிறது என்று அரசாங்கமே தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. திருப்பூர்ப் பனியனுக்குப் பொருந்தும் அந்த நியாயம் காஞ்சிபுரத்துப் புடவைக்கும் தொட்டபள்ளாபுரத்துத் தறிக்கும் ஏன் பொருந்தாது?

நாம் கேட்பது இவைதான். பட்டு மீதான சுங்கவரியை ஐந்து ஆண்டில் படிப்படியாக இறக்குங்கள். எந்த ஆண்டு எவ்வளவு என்று இன்றே அறிவியுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். அந்த ஐந்து ஆண்டும் வசூலாகும் வரிப்பணத்தில் ஒவ்வொரு ரூபாயையும் நோயில்லாத முட்டைக்கும், வெண்பட்டு வளர்ப்புக்கும், சிறு நூற்பாளருக்கு இயந்திர மானியத்துக்கும் ஒதுக்குங்கள். கூட்டு விலை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராகப் போடுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரி நீக்கிய நூலை இருப்பிலிருந்து கொடுங்கள்.

இதே வாசகத்தை மனுவாகத் தமிழிலும் கன்னடத்திலும் அடித்து வைத்திருக்கிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேசை இருக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள மத்தியப் பட்டு வாரியத்துக்கு ஒரு படியும், ஜவுளி அமைச்சகத்துக்கு ஒரு படியும் போகிறது. நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் முதலில் வாருங்கள். ராமநகரத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்திருக்கும் பட்டு விவசாயிகள் அவர்களோடு சேர்ந்து வந்து கையெழுத்திடுங்கள்.