ஐயாவின் படமும் ஏட்டுச் சுவடியும்



கைத்தொலைபேசியிலும் டப்லெட்டிலும் பழைய புகைப்படங்களைத் திருத்துவது பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால், தமிழ் கற்பிக்கும் எனக்கு இது முற்றிலும் புதிய வேலையாகத் தோன்றவில்லை. சிதைந்த ஏட்டை வைத்துக்கொண்டு நம் முன்னோர் செய்த பதிப்பு வேலையைத்தான், சிதைந்த படத்தை வைத்துக்கொண்டு இன்று நாம் விரலால் செய்கிறோம். அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கை நாமும் கைக்கொள்கிறோமா என்பதே என் கேள்வி.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் என் ஐயாவின் படம் ஒன்று தொங்குகிறது. ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஐயா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அரிசியையும் பாயையும் தூக்கிய எங்களுக்குப் படங்களைத் தூக்க நினைவு வரவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஓடு உடைந்து மழை இறங்கியிருந்தது. அல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. கண்ணாடிச் சட்டத்துள் இருந்த அந்த ஒரு படம் மட்டும், ஓரங்களில் பூஞ்சணம் பிடித்த நிலையில் மிஞ்சியது.

சென்ற ஆண்டு ஐயாவின் திவசத்துக்கு முன் அதனைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று அம்மா கேட்டார். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அக்காவின் மகன் அந்தப் பொறுப்பை ஏற்றான். டப்லெட்டால் படம் பிடித்து ஒரு செயலியில் இட்டான். ஒரு நிமிடந்தான். பூஞ்சணமும் கீறலும் போய், நேற்று எடுத்ததுபோல ஒரு முகம் திரையில் வந்தது.

"அம்மம்மா, இப்ப பாருங்கோ" என்று நீட்டினான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு மோனை. ஆனா இது உன்ரை அம்மப்பா இல்லை" என்றார்.

அம்மா சொன்னது சரிதான். இளமையில் துலா மிதிக்கப்போய் விழுந்ததால் ஐயாவின் இடப்புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அது மறைந்துவிட்டது. சற்றே சரிந்திருந்த இமை நேராகிவிட்டது. மூடியிருந்த உதடுகளுக்கிடையே பல்வரிசை கூட எட்டிப் பார்த்தது. பிழை அந்தப் பிள்ளையுடையது அல்ல. அவன் தன் அம்மப்பாவைக் கண்டதில்லை. செயலியும் கண்டதில்லை.

இது எப்படி நிகழ்கிறது? தொலைபேசியில் உள்ள ஒரு படம் பல இலட்சம் படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு எண்ணாகப் பதியப்பட்டுள்ளது. வெளிச்சத்தைக் கூட்டும்போதோ, மங்கலை நீக்கும்போதோ அந்த எண்கள் கூடிக் குறைகின்றன. படத்தில் உள்ளதே தெளிவாகிறது. புதிதாக எதுவும் வருவதில்லை. கீறலைத் துடைக்கும் கருவி, பக்கத்திலுள்ள புள்ளிகளைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறது. சுவரிலோ வானத்திலோ அதனால் தீங்கில்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தை மீட்டுத் தரும் செயலிகளின் வழி வேறு. அவை எண்ணற்ற பிறமுகங்களைப் பார்த்துப் பழகியவை. கண் தெளிவில்லாத இடத்தில், கண் பெரும்பாலும் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை வரைந்துவிடுகின்றன. தழும்பைக் கறை என்று எண்ணிவிடுகின்றன. நம் ஐயா இருந்த இடத்தில் எல்லாருடைய ஐயாவும் கலந்த ஒருவர் வந்து அமர்கிறார்.

படத்தைத் திருத்துவது புதிய வழக்கமல்ல. அக்காலத்து ஸ்ரூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தீட்டி முகத்தின் குழிகளை நிரவினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் நிறம் ஏற்றினார்கள். 1990 இல் போட்டோஷொப் வந்தபோது அந்த வேலை கணினிக்குப் போனது. 2011 இல் ஐபாட்டுக்கென வந்த ஸ்னாப்சீட் போன்ற செயலிகள் அதனை நம் விரல் நுனிக்குக் கொண்டுவந்தன. அன்று கைதேர்ந்த ஒருவர் ஒரு முகத்தின் முன் மணிக்கணக்கில் இருந்து செய்தார். இன்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, என்ன மாறியது என்று பாராமலே அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தியேட்டிக் கல்வெட்டின் முதற்பக்கத்தில் பெற்ற பிள்ளைகளே அடையாளம் காணத் தடுமாறும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எனக்குப் பதிப்பாசிரியர்களின் நினைவு வருகிறது. நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். தொட்டால் உதிரும் ஏடுகளோடு அவர் பட்ட துன்பத்தை அவரது பதிப்புரைகளிலே காணலாம். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை வெளியிட்டார். அந்த நூலில் 267, 268 ஆம் செய்யுள்கள் இல்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவ்விடங்கள் இன்றும் புள்ளிகளாகவே அச்சாகின்றன. ஐயரவர்களின் புலமைக்கு இரண்டு செய்யுள்கள் இயற்றி அந்த இடத்தில் வைப்பது பெரிய காரியமா? வைத்திருந்தால் நூல் நிறைவாகத் தோன்றியிருக்கும். ஆனால், எது சங்கப் புலவன் வாக்கு, எது பதிப்பித்தவர் வாக்கு என்று பின்வந்தவர்கள் அறிந்திருக்க முடியாது. அந்தப் புள்ளிகளை நம்பித்தான் மற்றச் சொற்களை நாம் நம்புகிறோம்.

படத்தைத் திருத்துவோருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். முதலில், பழைய படத்தை வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில் மட்டமாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், தொலைபேசியைச் சரிநேராகப் பிடித்து எடுங்கள். கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் உரிக்க முயலவேண்டாம், கண்ணாடியோடேயே எடுங்கள். அந்த முதற்பிரதியில் கைவைக்காமல், அதன் நகலிலேயே திருத்துங்கள். ஓரத்தை வெட்டலாம், சரிவை நேராக்கலாம், வெளிச்சத்தைச் சீராக்கலாம், பின்னணிக் கறைகளைத் துடைக்கலாம். முகத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். அந்த முகத்தைக் கண்டறிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தொடருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத் தெளிவை இழக்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குள் அநாதையாகிவிடும்.

இது வெறும் அழகைப் பற்றிய பேச்சன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், தம் பிள்ளைகளின் படங்களையே ஏந்தி வீதியில் இருந்தார்கள். அங்கே படம் என்பது சாட்சி. ஒரு மச்சமோ தழும்போ ஓர் ஆளை அடையாளம் காட்டும். அதனைக் கறையென்று துடைத்துவிட்டால் சாட்சியைத் திருத்திய பழி நம்மைச் சேரும். 2005 முதல் நம் நூல்களையும் நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணியை நீங்கள் அறிவீர்கள். நாளை நம் ஊர்ப் படங்களும் அத்தகைய சேமிப்புகளில் வரலாற்றுச் சான்றாக இருக்கப்போகின்றன. அவற்றுள் நடந்ததையும் இருந்ததையும் மட்டுமே நாம் விட்டுச் செல்லவேண்டும்.

ஐயாவின் படத்தை மருமகனும் நானும் மறுபடி எடுத்தோம். இம்முறை அம்மா நடுவில் இருந்தார். பூஞ்சணம் பிடித்த ஓரத்தை வெட்டினோம். மங்கலை நீக்கினோம். அப்போதுதான் புருவத்துத் தழும்பு முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எஞ்சியிருந்தது. அதனையும் துடைக்கவா என்று அவன் கேட்டான்.

"அது கிடக்கட்டும். வீடு ஒழுகினதும் உண்மைதானே" என்றார் அம்மா.

அந்தப் புள்ளியோடுதான் இப்போது ஐயா எங்கள் விறாந்தையில் இருக்கிறார். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய படம் இருக்கும். அதனைக் கையில் எடுக்கும்போது, அதில் இருப்பவரை அறிந்த முதியவர் ஒருவரையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள்.