ரயிலேறும் தங்கைக்கு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நமது பள்ளியும் அந்தக் காலத்துப் பள்ளிதான். படிக்கவும் தொழில் செய்யவும் இங்கிருந்து ரயிலேறிப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்று, ஏற முடியாமல் நின்றுவிடப் பார்த்த ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அவளுடைய சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் சொல்கிறோம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. மகாபொலப் பணமும் கிடைத்தது. பட்டம் பெற்ற கையோடு சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள்.

வீட்டில் முதலில் சந்தோஷம், பிறகு மௌனம். "பட்டந்தான் வாங்கியாச்சே பிள்ள, ஒரு டீச்சர் வேலைக்குப் போனா தம்பியப் படிக்க வைக்கலாமே" என்றாராம் அம்மா. அந்தத் தாயை நாம் குறை சொல்ல முடியாது. 1874இல் தொடங்கி, இன்று கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியில் கட்டணம் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு. அதன்பின் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும், கொழும்பில் ஒரு போர்டிங் அறையின் முற்பணத்தைக்கூட அந்தச் சம்பளத்தில் சேர்த்தெடுப்பது லேசல்ல.

உதவிக் குழுவிலுள்ள நாங்கள் அவளுக்குப் பணம் கொடுத்தோம். பரிசளிப்பு விழா மேடைக்கு அழைத்து, காசோலையைக் கையில் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டோம். பிற்பாடுதான் தெரிந்தது: கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் விழாவுக்கு முன்பே போய்விட்டது. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். நாங்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அடகுக்கடை வட்டிக்குப் போயிற்று. தொகையில் குறை வைக்கவில்லை; நேரத்தில் குறை வைத்துவிட்டோம். அதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நாங்கள்தான் கேட்டு அறிந்தோம்.

சட்டம் படிக்க ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கிறார்கள். எங்களில் மருத்துவர்களாக இருப்பவர்கள் கிளினிக்கில் தினமும் காண்பதைச் சொல்கிறோம். பிரஷர் மாத்திரைக்கு வரும் அம்மா, பையிலிருந்து சிங்களத்தில் வந்த கடிதமொன்றை எடுத்து, "இதில என்ன எழுதியிருக்கு, பாத்துச் சொல்லுங்க டொக்டர்" என்பார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர். அதனால் சேமலாப நிதிப் பணம் நின்றுபோயிருக்கும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 30 ஆண்டு உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம். 2024இன் 1,350 ரூபாய்ப்படி 567,000 ரூபாய். இந்தக் கணக்கை அவருடைய மொழியிலேயே சொல்லி, தொழில் நியாய சபையில் அவருக்காக எழுந்து நிற்க ஒருத்தி வேண்டும். அதற்கு எங்களிடம் மாத்திரை இல்லை.

ஆகவே, நூற்றாண்டின் பெயரால் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, அனுமதிக் கடிதம் வந்த வாரத்திலேயே பணம் போய்ச் சேர வேண்டும். விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், மேடையும் வேண்டாம். இதற்கென ஒரு தொகையை வங்கியில் எப்போதும் தயாராக வைப்போம்.

இரண்டாவது, ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கைகழுவாமல், பயிற்சிக் காலம் முடியும் வரை மாதா மாதம் சிறு தொகையாவது போக வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் மாதச் செலவைப் பொறுப்பேற்கலாம்.

மூன்றாவது, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமது பழைய மாணவிகள் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் ஓர் அறையும் இரவுச் சாப்பாடும் கொடுத்தால் முற்பணச் சுமை நீங்கும். கோட்டை நிலையத்தில் விடியற்காலையில் வந்திறங்கும் பிள்ளைக்குப் போக ஒரு வீடும் இருக்கும்.

பதுளைக்கே திரும்பி வர வேண்டும் என்று அவளிடம் எழுதி வாங்க வேண்டாம். நம்மிடம் யாரும் அப்படி வாங்கவில்லை. அடுத்து ரயிலேறும் தங்கைக்குக் கைகொடு என்று மட்டும் சொல்லி அனுப்புவோம்.

அவள் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அம்மாவின் தோடு சென்ற தைப்பொங்கலுக்கு முன் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த பிள்ளையின் வீட்டில் அது அடகுக்கடைக்குப் போகாமலே இருக்கட்டும்.