கணினியை மாற்றும் முன் மெயில் டேப்பைப் பாருங்கள்

(நம் பயிற்சிக் கூடத்தில் குடும்பங்களுக்காக நடந்த ஞாயிறு அமர்வில் ஆற்றிய உரை)



வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் முன்பெல்லாம் ஓவர்லாக் மிஷின், பேட்லாக் மிஷின் என்றுதான் இருக்கும். இப்போது லேப்டாப்பும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து மெர்ச்சண்டைசிங் வேலை பார்க்கும் பெண்கள் கேட்கிறார்கள். பவர்டேபிள் வைத்துக்கொண்டு பில்லையும் ஜிஎஸ்டியையும் தாங்களே போடும் சகோதரர்கள் கேட்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ."

அப்படி மனு வந்த ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அந்தத் தங்கை பையர்களின் மெயிலைக் கவனிக்கும் வேலை செய்கிறார். காலை ஒன்பது மணிக்குக் கணினி நன்றாக ஓடுகிறது. அஸர் நேரம் ஆகும்போது விசையைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத்து திரையில் வருகிறது. தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப நிற்கும். பேக்கிங் லிஸ்ட் ஏறாது. ரிப்பேர் கடையில் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் வேகம், மாலையில் மந்தம். துப்பு இதிலேயே இருக்கிறது. கணினியே கெட்டிருந்தால் பெரும்பாலும் காலையிலும் மந்தமாகத்தான் இருக்கும். நாள் முழுவதும் ஏதோ ஒன்று உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது என்று பொருள்.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். பழைய தையல் மிஷினில் கிளட்ச் மோட்டார் இருக்கும். தைத்தாலும் தைக்காவிட்டாலும், சுவிட்சைப் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், கரண்டும் போய்க்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும். திறந்து வைத்த மெயில் டேப் கிளட்ச் மோட்டார் மாதிரி. செய்தித்தாள் பக்கம் போல அது வந்து நின்றுவிடுவதில்லை. புது மெயில் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்; பக்கத்தில் சாட் ஓடும்; நீங்கள் திறந்து மூடிய மெயில்களில் பலவற்றையும் பையர் அனுப்பிய படங்களையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்காமலே விட்டுவிடும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் விண்டோஸுக்கே பெரும்பங்கு போய்விடுகிறது. மிச்சத்தை மெயில் எடுத்துக்கொண்டால் எக்செலுக்கு என்ன இருக்கும்?

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். குரோமிலோ எட்ஜிலோ ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பட்டியல் வரும். வலது மேல் மூலையிலுள்ள மெனுவில் மோர் டூல்ஸ் என்பதற்குள்ளும் குரோமில் அது கிடைக்கும். அதில் மெமரி என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். அந்த வீட்டில் முதல் மூன்று இடத்திலும் மெயில்தான் இருந்தது. ஒரே மெயில் கணக்கு, மூன்று டேப்பில். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்திருக்கிறார், பழையதை மூடவில்லை. நம்மில் பலரும் இப்படித்தான் செய்கிறோம்.

இரண்டை மூடினோம். மிச்சமிருந்ததில் எஃப்5 தட்டிப் பக்கத்தைப் புதுப்பித்தோம். தங்கையின் அத்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். பாதி நோய்க்கு இவ்வளவுதான். லுஹருக்கு எழும்போது ஒரு முறை, அஸருக்கு எழும்போது ஒரு முறை புதுப்பித்தால் போதும். எழுதிக்கொண்டிருக்கும் மெயிலை மட்டும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எண்ட் புராசஸ் என்ற பொத்தானும் இருக்கும். வேறு டேப்பில் ஜிஎஸ்டி படிவம் பாதி நிரப்பி வைத்திருந்தால் அந்த வரியின் மேல் அதை அழுத்திவிடாதீர்கள், நிரப்பியது போய்விடும்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் தேட வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் இன்காக்னிட்டோ சன்னல் வரும். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர, எக்ஸ்டென்ஷன்கள் அதில் ஓடாது. மெயிலை அங்கே திறந்து பாருங்கள். அங்கே வேகமாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். பிடிஎஃப் மாற்றித் தருவது, அனுப்பிய மெயிலை எதிராளி திறந்தாரா என்று சொல்வது என்று எப்போதோ போட்டது அப்படியே கிடக்கும். அவற்றில் சில உங்கள் மெயிலையே படிக்கும் அனுமதியை வாங்கி வைத்திருக்கின்றன. பீஸ் விலை முழுவதும் அந்த மெயிலில்தானே இருக்கிறது! வேகத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அவற்றை நீக்கலாம்.

ஜிமெயில் செட்டிங்ஸில் சாட், மீட் இரண்டையும் பயன்படுத்தாதவர்கள் அணைத்துவிடலாம். ஒரு பக்கத்தில் 50 மெயில் காட்டுவதை 25 ஆக்கலாம். குரோமில் மெமரி சேவர் என்று ஒரு வசதி இருக்கிறதே என்று சில தம்பிகள் கேட்டார்கள். நல்ல வசதிதான், போட்டு வையுங்கள். ஆனால் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற பக்கங்களை அது தூங்க விடாமல் போகலாம். மெயில் பெரும்பாலும் அந்த வகை. அறிவிப்பைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு, கணினியில் மெயிலை வேலை இருக்கும்போது மட்டும் திறப்பது எங்களுக்கு இன்னும் நல்ல வழியாகப் படுகிறது.

இவை எதற்கும் மசியாத கணினிகளும் உண்டு. விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு 2023-இல் குரோமின் 109-ஆம் பதிப்போடு புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. பழைய கணினிக்கும் மெதுவான இணைப்புக்கும் ஏற்ற எளிய எச்டிஎம்எல் தோற்றம் ஒன்று ஜிமெயிலில் இருந்தது. அதையும் கூகுள் 2024-இல் எடுத்துவிட்டது. அந்தத் தோற்றம் இருந்திருந்தால் நம் பக்கத்துப் பழைய கணினிகள் பல இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும். மற்ற கணினிகளில், புதுசு வாங்கும் முன் நினைவகம் கூட்ட இடமிருக்கிறதா, எஸ்எஸ்டி போட முடியுமா என்று கடையில் கேளுங்கள். புதுக் கணினியைவிட அது செலவு குறைவு.

ஒரு எச்சரிக்கை. கணினி மெதுவானவுடன் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வரும்: "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்." அழைக்காதீர்கள். அழைத்தால் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். உங்கள் திரையே அவர்கள் கைக்குப் போய்விடும். மெயில் கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் பையருக்கு வேறு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்ப அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அந்தத் தங்கை தம் மனுவைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தத் தொகை வரிசையில் அடுத்திருந்த ஒரு ஓவர்லாக் மிஷினுக்குப் போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

இனிக் கணினிக்காகக் கடன் கேட்டு வருபவர்கள் ஒன்று செய்யுங்கள். மாலை நேரத்தில், கணினி மெதுவாக இருக்கும்போது, அந்த டாஸ்க் மேனேஜர் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து மனுவோடு கொண்டு வாருங்கள். எடுக்கத் தெரியாதவர்கள் கணினியையே ஞாயிறு அன்று இங்கே எடுத்து வரலாம். நம் பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.