240 நாள் கணக்கு யார் கையில்?

(படவேட்டில் நடந்த ஆலைத் தொழிலாளர், நெசவாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பக்கத்தில் மேடை ஏறுகிறவர்கள் ஆரணிப் பட்டில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் ரேணுகாம்பாள் கோயிலில் ஆரம்பிப்பார்கள். நான் ஒரு காலண்டரில் ஆரம்பிக்கிறேன்.

2019-ம் வருஷம். ஆரணி வட்டாரத்தில் ஒரு அரிசி ஆலை. பெயர் வேண்டாம். அங்கே அரிசியில் கல்லும் கறுப்பும் பொறுக்கும் வேலையில் இருந்த 7 பெண்களை ஒரு சனிக்கிழமை கூலி கொடுத்ததோடு நிறுத்திவிட்டார்கள். காரணம், சார்ட்டெக்ஸ் மிஷின் வந்துவிட்டது. அரிசியை மணிமணியாகப் பார்த்து, நிறம் கெட்டதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும் மிஷின். அதற்குக் கண்வலி கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்காது. மிஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வந்த அன்றைக்கு மனுஷிக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அவர்களில் ஒரு அம்மா மேஸ்திரியிடம் போய் நஷ்டஈடு கேட்டார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ வந்தது இந்தத் தை மாசம்தானே? இப்பதான் கார்த்திகை முடியுது. ஒரு வருஷம்கூட ஆகலையேம்மா, உனக்கு எதுக்கு நஷ்டஈடு?"

தோழர்களே, மேஸ்திரி சொன்னது தப்பு. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. ஆனால் இதே தப்பை நம் ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்புகிறார்கள். "நேத்து வந்தவன், இன்னிக்குப் போன்னா போக வேண்டியதுதானே" என்று நாமே நமக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1947-ல் வந்த தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. 1953-ல் துணி ஆலைகளில் சரக்கு தேங்கியது. ஷிப்டை மூடுவோம், ஆட்களை அனுப்புவோம் என்று முதலாளிமார் கிளம்பினார்கள். தொழிலாளர் கொந்தளிப்பைக் கண்ட சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. அது அமலுக்கு வந்தது 1953 அக்டோபர் 24. அந்த வருஷமே முழுச் சட்டமாகவும் ஆனது. ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்தவரை ஆள் மிச்சம் என்று அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம். அதற்கு மேல் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் போனவருக்கே முதல் அழைப்பு. ஆலையில் 300 பேர் இருந்தாலும் 12 பேர் இருந்தாலும் இது பொருந்தும்.

"ஒரு வருஷம்" என்பதில்தான் சூட்சுமம். சட்டம் அதைக் காலண்டர் வருஷமாகப் பார்க்கவில்லை. வேலை போன தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதத்தை எண்ணி, அதற்குள் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருஷம் தொடர்ச்சியாக இருந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பன்னிரண்டு மாதமும் பட்டியலில் பெயர் இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போனது. அவசியமில்லை, 240 நாள் இருந்தால் போதும் என்று 1980-ல் கோர்ட் சொல்லிவிட்டது. சம்பளத்தோடு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் அந்த 240-ல் சேரும் என்று 1985-ல் சொன்னது. தையில் சேர்ந்து கார்த்திகையில் வெளியே வந்த அந்த அம்மாவுக்கு 240 நாள் இருந்தால் உரிமை உண்டு.

இருந்ததா? ஆலையின் புத்தகத்தில் 231. அவர் வீட்டுச் சுவரில் 247.

சுவரில் எப்படி வந்தது என்கிறீர்களா? மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் புள்ளி வைப்பது அவர் வழக்கம். பக்கத்திலேயே ஆலைக்குப் போன நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் போட்டு வந்திருக்கிறார். சட்டத்தை நினைத்துப் போடவில்லை. சனிக்கிழமை கூலியில் மேஸ்திரி ஒரு நாளைத் தின்றுவிடுவார் என்ற பயத்தில் போட்டது. அந்த 16 நாள் வித்தியாசம் என்னவென்று பார்த்தோம். மிஷினைப் பொருத்திய சமயத்தில் பொறுக்கும் வேலை இல்லை. கோடவுனில் சாக்கு உதறவும் பெருக்கவும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கூலி கைக்காசாகக் கொடுக்கப்பட்டது, புத்தகத்தில் ஏறவில்லை. தொகை எழுதிய துண்டுச் சீட்டுகள் சிலவற்றை அவர் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

சமாதான அதிகாரியின் மேஜை மேல் அந்தக் காலண்டரை விரித்தோம். ஆலைத் தரப்பில் வந்தவர் முதலில் அதைத் தொடக்கூட மாட்டேன் என்றார். துண்டுச் சீட்டில் இருந்தது அவர்கள் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து. மூன்றாவது வாய்தாவில் ஒரு மாதக் கூலியும் 15 நாள் நஷ்டஈடும் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதை மறைத்துவிட்டு இங்கே நான் வெற்றி முழக்கம் போட விரும்பவில்லை. மற்ற 6 பேருக்கும் ஒரு காசும் வரவில்லை. அவர்களும் அதே நாட்கள்தான் போனார்கள், அதே கோடவுனைத்தான் பெருக்கினார்கள். சுவரில் குறி இல்லை, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்றால், 240 நாள் வேலை செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. புத்தகம் முதலாளி கையில், நிரூபணம் நம் தலையில்! 2005-ல் இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் வழி விட்டது. தொழிலாளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம்; மஸ்டர் ரோலைக் கொண்டுவா என்று கேட்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால்தான் கோர்ட் காது கொடுக்கும்.

நாள் எண்ணிக்கையை உடைப்பதற்கு முதலாளிமார் கையாளும் தந்திரம் புதிதல்ல. இங்கே ஆலையில் மட்டும் நடப்பதுமல்ல. ஸ்டேட் பாங்கே செய்திருக்கிறது! நம் மாகாணத்தில் ஒரு தாற்காலிகக் காசாளருக்கு 9 நாள் வேலை என்று உத்தரவு கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வேலை தானாக முடிந்துவிடும், நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்பது பாங்கின் வாதம். ஆனால் அதற்கு முன்பே அவரை விட்டுவிட்டு எடுத்த நாட்களைக் கூட்டினால் 240-ஐத் தாண்டியது. சென்னை ஹைகோர்ட்டில் அவர் ஜெயித்தார். பாங்கு டில்லிக்குப் போனது. 1976-ல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். கேரளத்தில் 1957-ல் அமைந்த இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர். எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும், உத்தரவிலேயே முடிவுத் தேதி எழுதியிருந்தாலும், அதுவும் ஆட்குறைப்பே என்று அவர் சொன்னார். காசாளரைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நிரந்தர ஊழியர்கள் எல்லோருக்கும் கீழே, தாற்காலிக ஆளாகவே எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதவு எட்டு வருஷம்தான் முழுதாகத் திறந்திருந்தது. 1984 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு சிறு ஷரத்தைச் செருகினார்கள். அதே சமயத்தில் இன்னொன்றும் வந்தது. ஆட்களை வருஷக்கணக்கில் பதிலி, தாற்காலிகம் என்றே வைத்து நிரந்தர உரிமையை மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த கதை.

இப்போது அந்த 1947-ம் வருஷச் சட்டமே போய்விட்டது. 2020-ல் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கிறார்கள். பயந்துபோய் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 240 நாள் கணக்கு அதிலும் இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ் இருக்கிறது, 15 நாள் நஷ்டஈடு இருக்கிறது, கடைசியில் வந்தவர் முதலில் போவது இருக்கிறது. போனவருக்கு மறு அழைப்பு மட்டும் ஒரு வருஷத்துக்குள் என்று சுருங்கிவிட்டது. தகராறு எழுப்ப முன்பு மூன்று வருஷம் இருந்தது, இப்போது இரண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவர் புதுத் தொழில் பழக, முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

ஆபத்து எங்கே என்றால், குறித்தகால வேலை என்ற பெயரில். ஆறு மாதம், எட்டு மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், காலம் முடிந்து அனுப்புவது ஆட்குறைப்பில் சேராது. அந்த ஒன்பது நாள் உத்தரவுக்கு இப்போது சட்டமே சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு வருஷம் முடித்தால் கிராஜுவிடி உண்டு என்று இனிப்பும் தடவியிருக்கிறார்கள். பதினோரு மாதத்தில் அனுப்பினால் இனிப்பு எங்கே? ஆகவே படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தேதி போடாத காகிதம், வெற்றுக் காகிதம், இவற்றில் கைநாட்டு வைக்காதீர்கள்.

240 ஆகாதவர்கள் வெறுங்கையோடு போக வேண்டுமா? கூடாது. வேலையை விட்டு அனுப்பினால், செய்த வேலைக்குரிய கூலி முழுவதும் இரண்டு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும். ஒரு வாரம் வேலை செய்தவருக்கும் இது உண்டு. "அடுத்த சம்பள நாளுக்கு வா" என்பது சட்டவிரோதம். 20 பேருக்குக் குறையாத ஆலையில் வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால், சம்பள வரம்புக்கு உட்பட்டவருக்கு அந்த நாட்களுக்கான போனஸ் உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கு 80 நாள் போதும், பிரசவச் சலுகை சேரும். அதைக் கொடுக்காமலிருக்க வேலையிலிருந்து நீக்கினாலும் சலுகை போகாது. ஆரணி ஜவுளிக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு கடைகள் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் அனுப்பக் கூடாது. 50 பேருக்குக் குறையாத, பருவ ஆலை அல்லாத ஆலையில், 24 மாதத்துக்குள் 480 நாள் முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று நம் மாநிலத்தின் 1981-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆலைக்காரர்கள் 470-வது நாளில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

நஷ்டஈட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பதும் முக்கியம். 1954-ல் பம்பாய் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டு வேலைக்காரப் பெண்களை நஷ்டஈடு இல்லாமல் அனுப்பினார்கள். 1960-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்றது. பெரிய சங்கத் தலைவர்கள் அல்ல, வார்டு பெருக்கியவர்கள் வாங்கித் தந்த தீர்ப்பு அது.

நெசவாளத் தோழர்கள் பொறுமையிழப்பது தெரிகிறது. "எங்களுக்கு ஏது மஸ்டர் ரோல்? முதலாளி பாவு கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் தறி சும்மா" என்கிறீர்கள். உண்மை. உங்களை யாரும் "நிறுத்திவிட்டேன்" என்று சொல்வதில்லை. அடுத்த பாவு வராது, அவ்வளவுதான். முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்ற ஆள் மட்டும் வருவான். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் தொழிலாளி ஆக முடியாது என்பது பொய். பீடித் தொழிலாளருக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது, வீட்டில் சுற்றுகிறவர்களையும் சேர்த்து. ஆறு மாதம் வேலை செய்தவரை நோட்டீசில்லாமல் நிறுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. பீடி முதலாளிகள் வழக்குப் போட்டும் 1974-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. கைத்தறித் தொழிலாளருக்கென்று தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நல வாரியமும் இருக்கிறது. பாவு வாங்கிய தேதி, ஊடை எடை, சேலை கொடுத்த தேதி, வாங்கிய கூலி, இந்த நான்கையும் நீங்களே ஒரு நோட்டில் எழுதி, முடிந்தால் முதலாளி வீட்டுக் கணக்குக்காரரிடம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு நான் இனிப்பாகப் பொய் சொல்ல மாட்டேன். வயல் வேலைக்கு இந்த 240 நாள் கணக்கில் இடமில்லை. ஒரு காலத்தில் தஞ்சையில் வந்தது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாக அலைந்து கட்டிய விவசாய இயக்கத்தின் நெருக்குதலில், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்த மிராசுதார் பண்ணையாளை இஷ்டத்துக்கு நீக்க முடியாமல் போனது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளே வேண்டாம், தினக்கூலியே போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். சட்டத்தின் வாசலில் நின்றவர்களை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு ஆலையில் நிரந்தர ஆள் போய்க் கான்ட்ராக்ட் ஆள் வருவதும், கான்ட்ராக்ட் ஆள் போய்க் குறித்தகால ஆள் வருவதும் அதே காரியம்தான். உங்கள் பிள்ளைகள்தான் நாளைக்குச் செய்யாறு செருப்புக் கம்பெனிக்கும் ஆரணி ஆலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அதனால்தான் உங்களையும் உட்கார வைத்து இவ்வளவு நேரம் பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த வேப்பமரத்தடி மேஜையில் நானும் இரண்டு தோழர்களும் இருப்போம். இந்த இரண்டு வருஷத்துக்குள் வேலை போனவர்கள் முதலில் வாருங்கள். அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. நம்பர், பி.எப். நம்பர், கூலி ஏறிய பாங்கு புத்தகம், மேஸ்திரி போனில் அனுப்பிய செய்தி, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் வாருங்கள், கூட வேலை செய்தவர் பெயரையாவது எழுதிக்கொள்வோம். இப்போது வேலையில் இருக்கிறவர்களுக்கு 40 பக்க நோட்டு ஒன்று இலவசம். முதல் பக்கத்தில் சேர்ந்த தேதியை இங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது.